மாவுக்கும் அடுப்புக்கும் நடுவே

சித்தையன்கோட்டையில் எல்லை இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஸ்ரீமதி மேடம். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் பஸ் நேரத்துக்கு வருவதில்லை, தெருவிளக்கு எரிவதில்லை என்று சில்லறைக் குறைகளையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய குறை தங்களுக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்ரீமதி மேடம் எல்லைகளைப் பற்றி மட்டுமே வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். திண்டுக்கல்லில் பழனி ரோட்டு மாடி ஒன்றில் இயங்கிய 'வெர்னா - திண்டுக்கல் வட்டாரப் புத்தாக்க ஒத்துழைப்பு மைய'த்தில் எல்லை வல்லுநராக இருந்தார். வெர்னா என்பது ஐரோப்பாவில் ஓர் ஆறு. அதன் இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை இன்னொரு நாடு. இரண்டு கரைச் சிறுதொழில்காரர்களும் எல்லை தாண்டி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஒரு திட்டம் போட்டார்கள். உதவி எல்லாம் செய்து முடித்த பிறகும் திட்டம் மீந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அதைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள்.

அது வந்து இறங்கிய இடம் ஞானராஜின் பேக்கரி.

பேக்கரி என்றால் கண்ணாடிப் பெட்டியும் கேக்கில் பூவும் உள்ள கடை அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. ஒரு பக்கம் மாவு பிசையும் மேசை. எதிர்ப்பக்கம் விறகு அடுப்பு. ஞானராஜ் பிசைவார், அவர் மனைவி அறிவுச்செல்வி சுடுவார். தேங்காய் பன், வர்க்கி, ரஸ்க், கிறிஸ்துமஸ் வந்தால் கேக். சுற்றுப்பட்டு டீக்கடைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் பன் போகும். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை மைதா ஞானராஜின் வலது தோளைத் தாண்டித்தான் பன்னாகும்.

அந்தத் தோள்தான் இப்போது பிரச்சினை. திண்டுக்கல் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே கையால பிசையாதீங்க. பிசைஞ்சா இந்தக் கையை நீங்க தூக்கவே முடியாது. அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஆக, அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. மாவு பிசையும் மெஷின்.

"பேப்பர்ல போட்ருக்கான் பாருங்க தங்கச்சி," என்றார் கிதர் முகம்மது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவர். ஞானராஜின் பன்னுக்கு முதல் வாடிக்கை. "சின்னத் தொழில் செய்றவுங்களுக்கு வெள்ளக்காரன் உதவி செய்றானாம். மாப்ளய கூப்புட்டுக்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வாங்க."

"அவன் எதுக்கு நமக்குச் செய்யணும்?" என்றார் ஞானராஜ்.

"அத வாங்குனப்புறம் யோசிச்சுக்க மாப்ள. ஒந்தோளு அம்புட்டு நாளு தாங்காது."

திண்டுக்கல்லில் ஓட்டல் ஹாலில் கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு தொப்பி. மையத்தின் இயக்குநர் ஆவுடையப்பன் பேசினார்.

"நண்பர்களே! சிறுதொழில் செய்பவர்களைக் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்று ஒரு பழைய கருத்து உண்டு. கேட்டால் என்ன சொல்வார்கள்? கரண்ட் வேண்டும் என்பார்கள். மெஷின் வேண்டும் என்பார்கள். அதையெல்லாம் கொடுத்துவிட்டால் அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிறகு நாம் யாரை வைத்துக் கூட்டம் நடத்துவது? இதை நாம் சிந்திக்க வேண்டும்."

கைதட்டினார்கள். அறிவுச்செல்வி எழுந்து நின்றார். "சார், எங்க வீட்டுக்காரருக்குத் தோளு போச்சு. ஒரு மாவு பிசையிற மெஷின் குடுத்தா போதும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆவுடையப்பன் அவரை அன்போடு பார்த்தார். "அம்மா, மெஷின் என்பது பதில். நாம் இன்னும் கேள்விக்கே வரவில்லை. உட்காருங்கள்."

ஆனாலும் ஞானராஜ் பேக்கரிதான் தேர்வானது. ரொட்டி ஐரோப்பாவின் உணவு என்பதால் மேலே இருப்பவர்களுக்கு எளிதில் புரியும் என்று காரணம் சொன்னார்கள். வெர்னாக் கரையிலிருந்து கார்ல் என்ற அதிகாரி நேரில் வந்து தேங்காய் பன் ஒன்றைத் தின்றார். பிறகு பல்லிடுக்கில் விரலை விட்டுக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"உங்கள் பன்னில் புத்தாக்கம் இருப்பதாகச் சொல்கிறார்," என்று ஆவுடையப்பன் மொழிபெயர்த்தார்.

அன்றைக்குத்தான் ஸ்ரீமதி மேடம் அந்தக் குறையைக் கண்டுபிடித்தார். திட்டம் எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கானது. எல்லையே இல்லாத ஊரில் எதைத் தாண்டுவது? கேரள எல்லை இருக்கிறது. ஆனால் அது மலை மேல் இருக்கிறது, வளைந்து வளைந்து போக வேண்டும், கார்லுக்கு வாந்தி வரும். மூன்று பேரும் கொட்டகைக்கு நடுவில் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள்.

அப்போதுதான் ஸ்ரீமதி மேடம் பிசையும் மேசையின் காலைப் பார்த்தார். மேசைக்கு அடுப்புப் பக்கத்துக் கால் ஒன்று குட்டை. அந்தக் கால் ஒரு கல்லின் மேல் நின்றது. கல்லில் பழைய செதுக்கல் தெரிந்தது.

"இது என்ன?"

"அது சர்வே கல்லும்மா," என்றார் ஞானராஜ். "கொட்டக போடும்போதே இங்கனதான் கெடந்துச்சு. பிடுங்கக் கூடாதுன்னாங்க. கால் குட்டையா இருந்துச்சா, அது மேலயே தூக்கி வச்சுட்டோம்."

வரைபடம் வந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் பக்கத்து ஊராட்சி. கோடு சரியாக மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் போனது. ஸ்ரீமதி மேடம் தரையில் உட்கார்ந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு எல்லை இருக்கு!" என்றார்.

குழந்தை இல்லாதவர்களிடம் டாக்டர் நல்ல செய்தி சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். ஞானராஜும் அறிவுச்செல்வியும் சந்தோஷப்பட வேண்டும் என்று புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டார்கள்.

அன்று மாலையே கொட்டகைக்குள் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். கூரையில் கேமரா மாட்டினார்கள். அதில் தெரிவது வெர்னாக் கரையில் ஓர் அலுவலகத்தில் தெரியும் என்றார்கள். முறையில்லாமல் யாராவது கோட்டைத் தாண்டினால் மெஷின் கிடையாது.

அடுத்த சிக்கல், ஒரே பேக்கரி தன்னோடு தானே ஒத்துழைக்க முடியாது. ஆகவே மாவுப் பக்கம் ஒரு நிறுவனம், அடுப்புப் பக்கம் ஒரு நிறுவனம் என்று இரண்டாகப் பதிவு செய்தார்கள். கூட்டத்தில் எழுந்து பேசியவர் என்பதால் அறிவுச்செல்வி தலைமைப் பங்காளர். ஞானராஜ் இணைப் பங்காளர். பங்காளர்கள் உறவினர்களாக இருக்கக் கூடாது என்பது விதி.

"நாங்க புருசன் பொஞ்சாதி சார்," என்றார் ஞானராஜ்.

"அதுதான் சிக்கல்," என்றார் ஆவுடையப்பன். "உங்களுக்குள் முன்பே ஒத்துழைப்பு இருந்திருக்கிறது. அப்படி இருந்தால் நாங்கள் உருவாக்கியதாக எப்படிக் காட்ட முடியும்? ஆனால் நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அடுப்பு எரிகிற வரைக்கும் நீங்கள் பங்காளர்கள். அணைந்த பிறகு தாராளமாகக் குடும்பம் நடத்துங்கள்."

"மாதா கோயில்ல வச்சு சாமியாரு கட்டி வச்ச கல்யாணம் சார்."

"சாமியாரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அவரும் ஒரு திட்டம் கேட்டிருக்கிறார்."

வெளியே வந்ததும் ஞானராஜ் மனைவியிடம் சொன்னார்: "இது நமக்கு ஒத்து வராது அறிவு. பேசாம விட்ருவோம்."

"மெஷின் வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. வந்து, அவுங்க கடைசியா பாத்துட்டுப் போயிட்டா மெஷின் நம்மளுது. அன்னிக்கே மண்ணெண்ணெய ஊத்திக் கோட்ட அழிச்சுப்புடுறேன். ஒங்க கைய விட இந்தக் கோடா பெருசு?"

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கௌசல்யா என்ற தமிழ் எம்.ஏ. படித்த பெண்ணை நியமித்தார்கள். நாற்காலியின் இரண்டு கால்கள் அந்தப் பக்கமும் இரண்டு கால்கள் இந்தப் பக்கமுமாகக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். வேலை, ஞானராஜ் சொல்வதை அறிவுச்செல்விக்கும் அறிவுச்செல்வி சொல்வதை ஞானராஜுக்கும் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்வது. கௌசல்யாவுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வேறு வேலை கிடைக்கவில்லை.

"ஏ அறிவு, மாவு பொங்கிருச்சு, சட்டுனு எடு!" என்பார் ஞானராஜ்.

கௌசல்யா எழுந்து நிற்பார். "மதிப்பிற்குரிய தலைமைப் பங்காளர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் தரப்பில் இடைநிலைப் பொருள் தயார் நிலையில் உள்ளது. தங்கள் மேலான இசைவைக் கோருகிறோம்."

"அய்யய்யோ, எடுத்துக் குடுக்கச் சொல்லும்மா, அமுங்கிரும்!" என்பார் அறிவுச்செல்வி.

"மதிப்பிற்குரிய இணைப் பங்காளர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் முன்மொழிவைத் தலைமைப் பங்காளர் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறார். இருப்பினும் காலதாமதம் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறார்."

இதற்குள் மாவு அமுங்கிவிடும். அமுங்கிய மாவைச் சுட்டால் பன் செருப்புத் தோல் போல வந்தது. கிதர் முகம்மது அதை டீயில் முக்கிப் பார்த்தார். டீதான் குறைந்தது, பன் நனையவில்லை.

"ஏ மாப்ள, ஒரு கெழவரு இதக் கடிச்சுட்டு எங்கிட்ட பல்லக் கேக்குறாரு," என்றார் கொட்டகைக்கு வெளியே நின்றபடி. "நா என்னத்தச் சொல்ல? ஐரோப்பாவுல போயி கேளுங்கன்னேன்."

"கொஞ்ச நாளு பொறுத்துக்க மச்சான். மெஷின் வந்துரும்."

"அதுக்குள்ள ஒங்கையி போயிரும் போல இருக்கே. ஏந்தங்கச்சி, இவன் மூஞ்சியப் பாத்தீங்களா? நெல்லி வத்தல் மாதிரி சுருங்கிப் போயிருக்கான்."

கௌசல்யா எழுந்தார். கிதர் முகம்மது கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும், இத மட்டும் மாத்திச் சொல்லாத."

மாதங்கள் போயின. ஞானராஜ் பிசைந்துகொண்டே இருந்தார். மெஷின் வருவதற்கு முன் மெஷினைப் பற்றிய பயிலரங்கு நடந்தது. மெஷினுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு குறித்துக் கருத்தரங்கு நடந்தது. அதற்குப் போன நாட்களில் அடுப்பு எரியவில்லை. எரிந்த நாட்களில் ஞானராஜ் வலது கையால் பாதியும் இடது கையால் மீதியுமாகப் பிசைந்தார். ஒருநாள் நடு வேலையில் மேசை மேல் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"அறிவு, தோளு விட்டுப்போச்சு. வலி உசுரு போகுது. செத்த வந்து பிடியேன்."

அறிவுச்செல்வி கோடு வரைக்கும் ஓடி வந்து நின்றார். கூரையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷின் அடுத்த வாரம் வருவதாக அன்று காலையில்தான் தகவல் சொல்லியிருந்தார்கள்.

கௌசல்யா மெதுவாக எழுந்தார். "எங்கள் தரப்பில்... மனிதவளத் திறனில் ஒரு சிறு சரிவு..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். அறிவுச்செல்வி விரல் நுனிகளைக் கோட்டின் மேல் வைத்தபடி நின்றார். கணவர் தானாக எழுந்து, மாவு ஒட்டிய கையால் தன் தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொள்கிற வரைக்கும் அசையவில்லை.

"ஒண்ணுமில்ல, விடு," என்றார் ஞானராஜ்.

அடுத்த வாரம் மெஷின் வந்துவிட்டது. பளபளவென்று கோயில் கொப்பரை போல இருந்தது. முதலீடு எல்லாம் தலைமைப் பங்காளர் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது விதி. எனவே மெஷினை அடுப்புப் பக்கம் இறக்கினார்கள். மாவு இந்தப் பக்கம் இருந்தது.

"சரி, மைதா மூட்டைய அந்தப் பக்கம் குடுத்துர்றேன்," என்றார் ஞானராஜ்.

"கூடாது," என்றார் ஸ்ரீமதி மேடம். "எல்லையைத் தாண்டுவது மதிப்புக் கூட்டிய பொருளாகத்தான் இருக்கணும். வெறும் மைதா மூலப்பொருள். நீங்க பிசைஞ்சு குடுத்தாத்தான் தாண்டலாம்."

"பிசைஞ்சப்புறம் பிசையிற மெஷின் எதுக்குங்க?"

"நல்ல கேள்வி," என்று அவர் குறித்துக்கொண்டார். "அடுத்த கருத்தரங்கில் எடுத்துக்கலாம்."

"அப்ப மெஷின இந்தப் பக்கம் நகட்டிருவமா?" என்றார் அறிவுச்செல்வி.

"நகர்த்தினால் மெஷினும் மாவும் ஒரே பக்கம் வந்துவிடும்," என்றார் ஆவுடையப்பன். "அது உள்ளூர் உதவி. உள்ளூர் உதவி செய்வது எங்கள் நோக்கம் அல்ல."

"கோட்டையாச்சும் நகட்டலாமில்ல சார்? பெயிண்டுதான்?" என்றார் அறிவுச்செல்வி மறுபடியும்.

மெஷின் இறக்குவதைப் பார்க்க வந்திருந்த கார்லுக்கு ஆவுடையப்பன் அதை மொழிபெயர்த்தார். கார்லின் முகம் வெளுத்தது. அவர் சொன்னதை ஆவுடையப்பன் தணிந்த குரலில் தமிழில் சொன்னார்: "கோட்டை நகர்த்த எங்கள் ஊரில் இரண்டு உலகப் போர் நடந்திருக்கிறது."

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுப்பு அணைந்த பிறகு கள்ளத்தனமாக ஓட்டிவிடக் கூடாதே என்று மெஷின் சுவிட்சுப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். மற்றதெல்லாம் வெளிநாட்டுச் சரக்காக இருந்தாலும் பூட்டு மட்டும் நல்ல திண்டுக்கல் பூட்டு. சாவி பழனி ரோட்டு மாடியில் இருந்தது. பார்வையாளர்கள் வரும்போது திறந்து மெஷினை ஓடவிடுவார்கள். அது வெறும் வயிற்றோடு அழகாகச் சுற்றும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஞானராஜ் அதைப் பார்த்துக்கொண்டே கையால் பிசைவார். பார்வையாளர்கள் இரண்டையும் ஒரே படத்தில் வருவதுபோல எடுத்துக்கொள்வார்கள். மரபும் நவீனமும் கைகோத்து நிற்பதாக ஒருவர் சொன்னார்.

கிதர் முகம்மது ஒருநாள் வந்து வெகுநேரம் நின்றார். அன்று கேலி எதுவும் செய்யவில்லை. "மாப்ள, தப்பா எடுத்துக்காத. வேன்ல கம்பெனி பன்னு போடுறான். நாளையிலருந்து அதத்தான் வாங்கப்போறேன். எனக்கும் யாவாரம் நடக்கணும்ல."

"வாங்கிக்க மச்சான். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்," என்றார் ஞானராஜ்.

நிறைவு விழா கொட்டகைக்குள்ளேயே நடந்தது. வாழை கட்டி, பந்தல் போட்டு, மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் கம்பெனி பன் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் திட்டத்தில் எத்தனை கூட்டங்கள், எத்தனை பயணங்கள், எத்தனை அறிக்கைகள்! பன் வியாபாரம் குறைந்துவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். நண்பர்களே, பன் எங்கள் அளவுகோலிலேயே இல்லை. திட்டத்தில் எங்கேயாவது பன் என்ற சொல் வருகிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். வரவில்லை. எனவே இது முழு வெற்றி. சிறுதொழில்கள் இருக்கும், போகும். ஒத்துழைப்பு நிலைக்கும். இதோ, நான் நிலைத்திருக்கிறேனே!"

பிறகு ஞானராஜைக் கூப்பிட்டுப் பாராட்டுச் சான்றிதழைக் கொடுத்தார்கள். கோட்டின் இந்தப் பக்கத்தில் நின்று அவர் இடது கையை நீட்டினார்.

"என்னங்க, வெளிநாட்டு விருந்தாளி தர்றார். இடது கையிலயா வாங்குறது?" என்று ஸ்ரீமதி மேடம் பல்லைக் கடித்தார். "வலது கையில வாங்கி, மேல தூக்கிக் காட்டுங்க."

ஞானராஜ் முயன்றார். வலது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். நெற்றியில் வேர்வை வழிந்தது. கை தொங்கியது. போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

டாக்டர் சொன்னது நடந்துவிட்டது என்பது அந்தக் கூட்டத்தில் அறிவுச்செல்வி ஒருவருக்கு மட்டுமே புரிந்தது. கோட்டைத் தாண்டி வந்தார். கணவரின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, சான்றிதழோடு சேர்த்து மேலே தூக்கினார்.

"ஆகா!" என்றார் ஆவுடையப்பன். "இதுதான்! இதற்குத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தோம்! எல்லை தாண்டிய ஒத்துழைப்பு! அப்படியே இருங்க, இறக்காதீங்க. மேடம், நீங்களும் வாங்க. கார்ல், இந்தப் பக்கம்."

ஒவ்வொருவராக வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் அறிவுச்செல்வி அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். ஞானராஜ் சத்தம் வராமல் அழுதார். படத்தில் அது ஆனந்தக் கண்ணீர்போல நன்றாக விழுந்திருந்தது.

அந்தப் படம் இரண்டு இடங்களுக்குப் போனது. ஒன்று, வெற்றி அறிக்கையின் அட்டைக்கு. இன்னொன்று, தணிக்கைப் பிரிவுக்கு. தலைமைப் பங்காளரின் இரண்டு கால்களும் முறையான இசைவின்றி எல்லையைத் தாண்டியிருப்பது படத்தில் தெளிவாகத் தெரிவதாக அவர்கள் எழுதினார்கள். மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது இப்போது பழனி ரோட்டு மாடியில் வரவேற்பறையில் இருக்கிறது. அதற்குள் பிளாஸ்டிக் பூக்கள் வைத்திருக்கிறார்கள்.

கொட்டகையில் இப்போது பிராய்லர் கடை. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் வரிசையாக நிற்கிறது. கோடு நல்ல உபயோகமாக இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். அறிவுச்செல்வி கம்பெனி பன் கடையில் பாக்கெட் போடுகிறார். ஞானராஜ் வீட்டில் கட்டிலில் இருக்கிறார்.

சென்ற மாதம் ஸ்ரீமதி மேடமும் ஆவுடையப்பனும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் வந்திருக்கிறது. உழைக்கும் திறன் குறைந்தவர்களுக்கானது. ஞானராஜை விடப் பொருத்தமான ஆள் மாவட்டத்திலேயே இல்லை என்றார் ஆவுடையப்பன். குரலில் பெருமை இருந்தது. "அவரை நாங்கள்தான் உருவாக்கினோம்."

"ஒரே ஒரு சிக்கல்," என்றார் ஸ்ரீமதி மேடம். "எல்லை வேணும்."

அது ஒரே அறை உள்ள வீடு. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சமையல் மேடையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்துக் கட்டிலின் நடுவில் வைத்து இழுத்தார். "செத்த நகர்ந்துக்கிறீங்களா?"

ஞானராஜ் நகர்ந்தார். வலது கை மட்டும் நகரவில்லை. டேப்புக்குக் குறுக்கே கிடந்தது.

ஸ்ரீமதி மேடம் பேனாவை எடுத்தார். "இந்தக் கை எந்தப் பக்கம் வரும்?"

அறிவுச்செல்வி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"அது எந்தப் பக்கமும் வேல செய்யாதும்மா," என்றார். "ஒங்க இஷ்டம்போல எழுதிக்கங்க."

ஸ்ரீமதி மேடம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுதிக்கொண்டார்.